நூற்றுப் பதின்மூன்றாவது பலகை

மெய்தாங் கிராமம்
12 அக்டோபர் 1986

மாப்பிள்ளை மாவ்லினுக்கு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை. நேற்று முன்னோர் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. அதில் முடிவானதை உனக்குத் தெரிவிக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். "உன் தங்கச்சி புருஷன்தானே, நீயே எழுது" என்று சொல்லிவிட்டு அவரவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். வருகிற சந்திரப் புத்தாண்டின் முதல் மாதம் பதினைந்தாம் நாள் நம் பலகை டிராகன் புறப்படும். நூற்றுப் பதின்மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு பலகை, பலகைக்கு மூன்று விளக்கு. உன் வீட்டுப் பலகைதான் கடைசி, வால். உன் அப்பா பிடித்தார், நீ பிடித்தாய். இந்த வருஷம் உன் வீட்டிலிருந்து யாரும் வந்து பிடிக்காவிட்டால் வாலுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர்களுக்கே இனி அந்த இடம். உன் பலகையை ஆற்றங்கரையில் போட்டுத் துணி துவைத்துக்கொள்ளலாம்.

கால் ஒடிந்து கிடந்தவனை நான் ஏன் வந்து பார்க்கவில்லை என்று என் தங்கச்சி அஜூ உன் காதில் ஓதியிருப்பாள். கோபம்தான், வேறென்ன? போன பிப்ரவரியில் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கேமரா ஓடுகிறது. நான் டிராகனுக்கு வழிகாட்டும் முத்து விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கிறேன், எட்டுப் பேர் டிராகன் தலையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வருகிறார்கள், களத்தில் டிராகன் அப்படி அழகாகச் சுருள்கிறது! திடீரென்று பின்னாலிருந்து "அய்யோ" என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் வாலைக் காணோம். வாலும் நீயும் குளக்கரைக் கல்லில் கிடக்கிறீர்கள். மிச்ச டிராகன் பல்லி மாதிரி நிற்கிறது. அந்த நாற்காலிக்காரர்கள் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

இரண்டு பலகையைக் கோப்பது ஒரே ஒரு முளைக்கட்டை. அதுதான் மூட்டு, அதுதான் கைப்பிடி. அதைச் செதுக்கும்போது நல்ல மரமா என்று பார்க்க மாட்டாயா? உளுத்த கட்டையைச் செருகிக்கொண்டு வந்து என் மானத்தை வாங்கிவிட்டாய். ஏப்ரலில் ஆலங்கட்டி விழுந்து தேயிலைக் கொழுந்தெல்லாம் போனது. அதற்கும் வால் அறுந்ததுதான் காரணம் என்று கடைத்தெருவில் பேச்சு.

வா. வந்து உன் இடத்தைப் பிடி. அதற்கப்புறம் வேண்டுமானால் நாம் பேசாமல் இருந்துகொள்ளலாம்.

லோ யூகென்

*

ஹாங்ஜோ
25 அக்டோபர் 1986

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்துக் காட்டவா என்று மகள் லீஃபென் கேட்டாள். வேண்டாம், எனக்கு வந்த திட்டை நானே படித்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

கால் கூடிவிட்டது. இடது கால் ஒரு விரற்கடை குட்டை. இனி நடக்கலாம், ஓடத்தான் முடியாது என்று டாக்டர் சொன்னார். "இந்த வயசுல ஓடி என்ன பண்ணப் போறீங்க?" என்று சிரித்தார். வால் பிடிக்கிறவனுக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது என்பது ஹாங்ஜோ டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஆகவே நீங்கள் சீட்டைக் குலுக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே குறை ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர். உங்கள் தங்கச்சி கீழே பூங்காவில் அதற்குள் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டாள். அவளுக்கு எங்கே போனாலும் ஊர்தான். நான் நாலாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து பஸ்களை எண்ணுகிறேன். நேற்று இருநூற்றுப் பதினொன்று.

ஒரே ஒரு விஷயம். என் கட்டை உளுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் வீட்டு மல்பெரி மரத்துக் கிளை. மூன்று குளிர்காலம் நிழலில் உலர்த்திச் செதுக்கியது. என் காலைப் பற்றி ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். என் கட்டையைப் பற்றிப் பேச வேண்டாம். வீட்டுச் சாவி டோஃபுக்கார ஹெஹுவாவிடம் இருக்கிறது. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கை விட்டுப் பாருங்கள். உடைந்த கட்டை என்றால் இரண்டு துண்டாக இருக்க வேண்டும் அல்லவா?

கெ மாவ்லின்

*

மெய்தாங்
9 நவம்பர் 1986

மாப்பிள்ளை,

முப்பது வருஷம் என்னை வா போ என்று கூப்பிட்ட வாய், இப்போது நீங்கள், மதிப்பிற்குரிய என்றெல்லாம் எழுதுகிறதோ! இருக்கட்டும். அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது.

சாவி வாங்கப் போனேன். ஹெஹுவா லேசில் கொடுப்பாளா? "என்ன, திடீர்னு தங்கச்சி வீட்டு மேல பாசம் பொங்குது? அந்த ஆளு கால் ஒடிஞ்சு இங்க கிடந்தப்ப இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கலையே" என்று டோஃபு வாங்க வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். சாவியை வாங்கிக்கொண்டு போனேன்.

கட்டை கிடைத்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. உச்சியில் குமிழ், உன் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருக்கிறது. அந்தக் குமிழை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினால் ஒழிய இந்தக் கட்டை பலகையை விட்டு வராது. உன் அரிசிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாவ்லின், நீயாகவா உருவினாய்?

ஊர்க்கட்டுப்பாடு உனக்குத் தெரியாததில்லை. ஓடுகிற டிராகனில் முளையை உருவிய கை, அதற்கப்புறம் பலகையைத் தொடக் கூடாது. ஒரு வருஷத்துக்கு இல்லை, ஆயுசுக்கும். உளுத்த கட்டை என்றால் நாலு பேர் சிரிப்பார்கள், அதோடு முடிந்தது. உருவிய கை என்று தெரிந்தால் உன் வீட்டில் பிடிக்க வேறு கை ஏது? உனக்கு இருப்பது ஒரு மகள். அவள் ஹாங்ஜோக்காரியாகிவிட்டாள். கெ வீட்டுப் பலகை உன்னோடு போய்விடும்.

கட்டையைத் துணியில் சுற்றி எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். குடித்திருந்தாயா? என் மேல் ஏதாவது வஞ்சமா? டிராகனை அறுக்கிற அளவுக்கு நான் உனக்கு என்ன செய்தேன்? எழுது. எழுதுகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது.

யூகென்

*

ஹாங்ஜோ
20 நவம்பர் 1986

யூகென்,

என்ன செய்தேன் என்றா கேட்கிறாய்? சொல்கிறேன் கேள்.

புறப்படுவதற்கு முன்னால் எத்தனை சுற்று என்று பேசினோம்? மூன்று. உன் வாயால் நீயே எல்லோருக்கும் சொன்னாய். நம் களத்துக்கு மூன்றுதான் தாங்கும். மூன்றாவது முடிந்ததும் நீ திரும்புவாய், சுருள் அவிழும். அப்படித்தான் எப்போதும். நடுவில் டிராகனே கூடாது என்று அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த வருஷங்களைக் கழித்துவிட்டால், பத்தொன்பது வருஷம் நீ முன்னால், நான் பின்னால்.

அன்றைக்கு நீ நாலாவது சுற்றுக்குப் போனாய்.

நீ நடுவில் நடக்கிறவன். உனக்கு ஒரு சுற்று என்பது முப்பது அடி. சுருளுக்கு வெளியே வாலுக்கு அதே சுற்று எத்தனை அடி என்று என்றாவது யோசித்திருக்கிறாயா? நாலாவது சுற்றில் என் பலகை களத்தை விட்டு வெளியே வீசியது. குளக்கரைக்கு. அங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள் தெரியுமா? கேமராவுக்கும் நாற்காலிகளுக்கும் இடம் வேண்டும் என்று களத்து ஓரத்திலிருந்து கிளப்பிவிடப்பட்ட நம் ஊர்ப் பெண்களும் கிழவர்களும். முன் வரிசையில் ஹெஹுவா. சூரியகாந்தி விதையை மடியில் கொட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பலகை அவள் தலை உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கத்தினேன். பறையும் வெடியும் முழங்குகிற இடத்தில் யாருக்குக் கேட்கும்?

முன்னால் போகிற பலகையில் கோத்திருக்கும் வரை அந்த வீச்சை யாராலும் நிறுத்த முடியாது. நூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் பலம் அதில் இருக்கிறது. குமிழைப் பிடித்துத் தூக்கினேன். வால் என்னோடு வந்தது. கல் பக்கம் திருப்பிக்கொண்டு விழுந்தேன். அவ்வளவுதான்.

எதைத் தூக்குகிறேன் என்று தெரிந்துதான் தூக்கினேன். என் அப்பா முகம் கண் முன்னால் வந்து போனது.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன், உன்னை எனக்குப் பிடிக்காமல் இல்லை. உன்னைப் போல் டிராகனை நடத்த இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. திரும்புவதற்கு முன்னால் நீ கொஞ்சம் தளர்த்துவாய். அந்தத் தளர்வு நூறு பலகை தாண்டி என் உள்ளங்கைக்கு வரும். "யூகென் திரும்பப் போறான்டா" என்று நான் பக்கத்துப் பலகைக்காரனிடம் சொல்வேன், சொல்லி வாய் மூடுவதற்குள் நீ திரும்பியிருப்பாய். முகம் பார்க்காமல் ஒரு மனிதனை இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறோமே என்று பெருமையாக இருக்கும். அன்றைக்கு அந்தத் தளர்வு வரவில்லை. உன்னை வேறு யாரோ இழுத்துக்கொண்டு போவது போல் இருந்தது.

ஏன் நாலாவது சுற்று போனாய்? இந்த ஒரு கேள்வியைத்தான் இத்தனை மாதமாக ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூட்டத்தில் சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள். என் பலகை போனால் போகட்டும்.

மாவ்லின்

*

மெய்தாங்
28 டிசம்பர் 1986

மாவ்லின்,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

மூன்றாவது சுற்று முடியும்போது அந்தக் கேமராக்காரன் என்னிடம் வந்து, "தலைவரே, ஃபிலிம் இப்பத்தான் மாட்டினேன், இன்னும் ஒரே ஒரு சுற்று, உங்க முகம் நல்லா விழுது" என்றான். அதுதான் காரணம். உங்க முகம் நல்லா விழுது. அம்பத்தாறு வயதுக் கிழவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொல்லவே நாக்கு கூசுகிறது. அந்தப் படத்தையும் இதுவரை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

உன் கடிதத்தைப் படித்த அன்று ஹெஹுவா கடைக்குப் போனேன். அவள் டோஃபுவை வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "என்ன, வெட்டவா வேணாமா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஒரு துண்டு சும்மா கொடுத்து அனுப்பினாள்.

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டாதே, முழுவதும் படி.

நான் சொல்லி முடித்ததும் ஊர்ப் பெரியவர் பிங்நான் கிழவர் கைத்தடியைத் தட்டினார். "கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். உருவின கை பலகை தொடக் கூடாது."

"அப்ப என் மண்டை பிளந்திருந்தா உங்க கட்டுப்பாடு வந்து ஒட்டவெச்சிருக்குமா?" என்று ஹெஹுவா பின்வரிசையிலிருந்து எழுந்துவிட்டாள். பெண்கள் கூட்டத்தில் பேசுவதில்லை என்று யாரோ முனகினார்கள். "டோஃபு வாங்க வர்றப்ப மட்டும் பேசலாமா?" என்றாள். முனகினவர் உட்கார்ந்துவிட்டார். "அந்த மனுஷன் கால் ஒடிஞ்சு கிடந்தப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒழுங்கா ஒரு கட்டை செதுக்கத் தெரியல, பெருசா வால் பிடிக்க வந்துட்டான்னு சொன்னேன். அவர் காதுபடச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பதில் பேசல. எனக்கு இப்ப எங்க போய் முட்டிக்கிறது?"

பிங்நான் கிழவர் அசையவில்லை. அவரையும் குறை சொல்ல மாட்டேன். பயந்தவனெல்லாம் முளையை உருவலாம் என்று ஆகிவிட்டால் டிராகன் ஒரு தெரு தாண்டாது. நூற்றுப் பதின்மூன்று வீடும் ஒன்றை ஒன்று நம்பித்தான் அது ஓடுகிறது.

நான் சொன்னேன்: "சரி, உருவின கை பலகை தொட வேணாம். சுற்றை மீறினவன் முத்து விளக்கைத் தொடலாமா? அதுக்குக் கட்டுப்பாட்டுல என்ன இருக்கு?" ஒன்றும் இல்லை. இதுவரை யாரும் அந்தத் தப்பைச் செய்ததில்லையாம். நான்தான் முதல் ஆள். முத்து விளக்கைக் கொண்டுபோயிருந்தேன், கிழவர் காலடியில் வைத்துவிட்டேன்.

"அப்ப யாருப்பா முன்னால போறது?" என்று கேட்டார்கள்.

"மாவ்லின் போகட்டும். முத்து விளக்கு பலகை இல்லையே. முளையும் கிடையாது, கோப்பும் கிடையாது. கட்டுப்பாடு அதைத் தொடலையே" என்றேன்.

"நொண்டிக்குத் தலைமையா!" என்று ஒருத்தன் சிரித்தான். எனக்கு வந்ததே கோபம். "நடுவுல நடக்கிறவனுக்கு எதுக்குடா ஓட்டம்? ஓடுறது வால். நான் பத்தொன்பது வருஷமா நடந்துதான் பேர் வாங்கியிருக்கேன்" என்று கத்தினேன். உன் கடிதம் படிக்கிற வரை இது எனக்கே தெரியாது என்பதைச் சொல்லவில்லை.

பிங்நான் கிழவர் குனிந்து முத்து விளக்கைப் பார்த்தார். பிறகு, "வால்?" என்று ஒரே வார்த்தை.

"பலகை மாவ்லின் வீட்டுது. கை என்னுது. பொண்டாட்டியோட அண்ணன் கை அந்த வீட்டுக் கைதானே?"

கிழவர் முத்து விளக்கை எடுத்துத் துடைத்து மேடையில் வைத்தார். முடிவாகிவிட்டது. நீ வந்தால் சரி. வராவிட்டால் உன் பலகை சீட்டுக்குப் போகும், முத்து விளக்கு யாருக்கோ போகும், நான் வீட்டில் கிடப்பேன்.

யூகென்

*

ஹாங்ஜோ
10 ஜனவரி 1987

யூகென்,

என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கூட்டத்தில் எழுந்தானாம், பேசினானாம், முடித்தானாம். உன் புத்தி எப்போதும் இப்படித்தான். அஜூ உன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எங்கண்ணன் மாதிரி யாரு வருவா" என்கிறாள். இத்தனை மாதமாக அதே அண்ணனைத் திட்டியவள்.

நான் ஒருநாளும் முன்னால் போனவன் இல்லை. எனக்குப் பின்னால் யாரும் வந்ததில்லை. தெரு முனைகளில் எங்கே திரும்புவது, யார் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நிற்பது, மெழுகுவத்தி மாற்றிக்கொள்ள வருகிறவர்களுக்கு எப்போது வழிவிடுவது, ஒன்றும் எனக்குத் தெரியாது. அத்தனை கண்ணும் என் காலைப் பார்க்கும். நான் வருகிறேன் என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன்.

ஆனால் நீ வால் பிடிக்கப் போகிறாய் என்றால் உயிரோடு இருக்க வேண்டும். ஆகவே எழுதுகிறேன். அன்று மதியத்தோடு சாப்பாட்டை நிறுத்திக்கொள். அரிசிக் கேக்கைக் கண்டால் உனக்குக் கண் தெரியாது, நீட்டினாலும் வாங்காதே. புதுச் செருப்புப் போடாதே, பழைய துணிச் செருப்பைக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டு. உன் பலகையைப் பார்க்காதே. மூன்றாவது முன் பலகையைப் பார், அது எங்கே போகிறதோ அங்கேதான் உன்னை எறியப் போகிறது. இழுக்கும்போது எதிர்த்து இழுக்காதே, கூடவே ஓடு. எதிர்த்தால் தோள் கழன்றுவிடும். இரண்டாவது சுற்றில் களத்தின் குளக்கரை ஓரம் வரும். அங்கேதான் வீச்சு அதிகம். அந்த இடத்தில் மூச்சை உள்ளே வைத்திரு.

இவ்வளவு தொப்பையை வைத்துக்கொண்டு நீ எப்படி ஓடப் போகிறாயோ. இன்றைக்கே ஆரம்பி.

மாவ்லின்

*

மெய்தாங்
24 ஜனவரி 1987

மாப்பிள்ளை,

ஓடுகிறேன். தினமும் விடியற்காலையில் குளத்தைச் சுற்றி மூன்று சுற்று. ஊரே வேடிக்கை பார்க்கிறது. ஹெஹுவா கடையிலிருந்து, "பன்னி துரத்துதா, பொண்டாட்டி துரத்துறாளா?" என்று கேட்கிறாள். ஆனால் முடித்ததும் சூடாக ஒரு கிண்ணம் சோயாப் பால் கொடுக்கிறாள்.

டிராகன் தலைக்கு மூங்கில் கட்டி முடித்தாயிற்று, காகிதம் ஒட்டுகிறார்கள். இந்த வருஷம் செதில்களில் சிவப்புக்கு நடுவே பொன் காகிதம். வீட்டுக்கு வீடு விளக்குத் துடைக்கிறார்கள். உன் வீட்டு மூன்று விளக்குக்கும் நானே காகிதம் மாற்றினேன். ஒன்றில் மல்பெரி இலை, ஒன்றில் பட்டுப்புழு, மூன்றாவதில் என்ன வெட்டுவது என்று தெரியாமல் ஒரு பஸ் வெட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை. பதினோராம் தேதிக்குள் நீ வராவிட்டால் முத்து விளக்கை வேறு ஆளிடம் கொடுத்தாக வேண்டும். வருகிறேன் என்றும் நீ எழுதவில்லை, வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. நான் பஸ் நிற்கும் இடத்தில் நிற்க மாட்டேன். நின்று நீ வராமல் போனால் என்னால் தாங்க முடியாது. வந்தால் நீயாக நடந்து வா.

யூகென்

*

மெய்தாங்
15 பிப்ரவரி 1987

மாவ்லின்,

நேற்றுக் காலையில் நீ பஸ் ஏறும்போது வாய் வரைக்கும் வந்தது, சொல்ல முடியவில்லை. சுற்றி ஆட்கள், அஜூ வேறு மூட்டையில் இன்னும் ஒரு பன்றித் தொடையைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஆகவே எழுதுகிறேன். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், தொடை இரண்டும் என்னுடையதாக இல்லை.

முதலில் உன்னைப் பற்றி. நீ தடியை ஒரு கையிலும் முத்து விளக்கை மறு கையிலும் வைத்துக்கொண்டு மண்டபத்துப் படி இறங்கினாயே, அதை நான் பார்க்கவில்லை. வாலில் இருந்தேன், என்னத்தைப் பார்ப்பது? என் முன்னால் தெரு முழுக்க விளக்கு, அவ்வளவுதான். எல்லாம் ஜனங்கள் சொல்லித்தான் தெரியும். "நொண்டிக்கிட்டு வர்றப்ப டிராகனே அசைஞ்சு அசைஞ்சு வருது, இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நடையைப் பார்க்கல" என்கிறார் பிங்நான் கிழவர். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து பல காலம் ஆகிறது.

அப்புறம் களம். இருட்டு இறங்கிவிட்டது. நீ சுருட்ட ஆரம்பித்தாய். மாவ்லின், நான் அந்த டிராகனோடு பத்தொன்பது வருஷம் நடந்திருக்கிறேன், ஆனால் அதைப் பார்த்ததே இல்லை! முத்து விளக்குக்காரனுக்கு முன்னால் வெறும் இருட்டுதான். வாலிலிருந்து பார்த்தால் மொத்த ஊரும் எரிந்துகொண்டு சுழல்கிறது. சுருளுக்குள் சுருள், முந்நூற்றுக்கு மேல் விளக்கு, ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் வீட்டுப் பூ. பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளெல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடுகின்றன. மெய்தாங் இவ்வளவு அழகான ஊர் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இதை நீ ஒருவனாகவே பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாயே, பாவி!

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன்னைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியக் கூடாது.

இரண்டாவது சுற்று, குளக்கரை. நீ எழுதியபடியே மூச்சை உள்ளே வைத்துக்கொண்டேன். வீச்சு வந்தது. கால் தரையில் இல்லை. இனி நான் அவ்வளவுதான் என்று நினைத்தேன். கரையில் யாரும் இல்லை, ஹெஹுவாவே கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிறுத்தியிருந்தாள். யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனாலும் என் இரண்டு கையும் குமிழைப் பிடித்துவிட்டது. பிடித்துத் தூக்க ஆரம்பித்துவிட்டேன், மாவ்லின். ஒரு விரற்கடை மேலே வந்துவிட்டது. நீ இன்னொருத்தியின் தலைக்காக உருவினாய். நான் என் உடம்புக்குப் பயந்து உருவப் பார்த்தேன். உன்னைக் குற்றம் சொல்லி எட்டு மாதம் ஊரெல்லாம் திரிந்தவன் நான்.

அந்தக் கணத்தில் நீ தளர்த்தினாய். திரும்புகிற இடம்கூட இல்லை அது. ஆனாலும் இழுப்பு விட்டது, கால் தரையைத் தொட்டது, கட்டையைத் தட்டி உள்ளே இறக்கிவிட்டேன். அதற்கப்புறம் மூன்றாவது சுற்று எனக்குப் பயமே இல்லை.

எப்படித் தெரிந்துகொண்டாய்? நூற்றுப் பன்னிரண்டு பலகைக்கு அப்பால் நான் குமிழில் கை வைத்தது உனக்கு எப்படித் தெரிந்தது? இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நீ பெரிய ஆள். நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் இங்கே சொல்கிறேன். உன்னைப் போல் ஒருவன் என் தங்கச்சிக்குக் கிடைத்தான், எனக்கும் கிடைத்தான்.

அடுத்த வருஷம் என்ன செய்வது? உண்மையைச் சொல்கிறேன், மறுபடி அந்தக் குளக்கரைக்குப் போக எனக்கு உதறல் எடுக்கிறது. நீ வந்தால் பிடிக்கிறேன். வேறு யார் முன்னால் நடந்தாலும் என்னால் ஆகாது.

யூகென்

*

ஹாங்ஜோ
21 பிப்ரவரி 1987

யூகென்,

பன்றித் தொடையோடு பத்திரமாக வந்து சேர்ந்தோம். நாலாவது மாடி முழுக்க வாசனை, மேல்வீட்டுப் பெண்மணி விசாரித்துக்கொண்டு கீழே வந்துவிட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் நடக்கிறவனுக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது என்பது உனக்கே தெரியும். இரண்டாவது சுற்றில், எட்டுப் பேர் தலையோடு என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு வரும்போது, குட்டைக் கால் சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்துப் பார்த்தேன், முடியவில்லை. நின்றுவிட்டேன். கால் வலித்தது, அவ்வளவுதான். என்னைப் பெரிய ஆள் ஆக்காதே.

இதை நீயும் யாரிடமும் சொல்லாதே. குமிழில் கை வைத்ததை நானும் சொல்ல மாட்டேன்.

அடுத்த வருஷமும் ஓடிப் பழகு. பதினான்காம் நாளே வந்துவிடுகிறேன். இரண்டாவது சுற்றில், அதே இடத்தில், எனக்கு மறுபடியும் கால் வலிக்கும்.

மாவ்லின்